பிழைக்கப் போனவனும் பிழைக்க வந்தவனும்

என் கதை ஒன்றைப் படித்துவிட்டு அன்பர் ஒருவர் நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். நல்ல கையெழுத்து; நிதானமான தமிழ். கதையில் வருகிற ஆசாமி குஜிலியம்பாறைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சவூதிக்குப் போகிறான், லாரி ஓட்டுகிறான், கடனை அடைக்கிறான், திரும்பி வருகிறான். இதில் கதாநாயகன் எங்கே இருக்கிறான் என்பது அன்பரின் கேள்வி. அவன் யாரையும் எதிர்க்கவில்லை; யாரையும் காப்பாற்றவில்லை; பணத்துக்காகப் போனான், பணத்தோடு வந்தான், அவ்வளவுதானே என்கிறார். அதற்குப் பதிலாக, தமிழர்கள் கடல் கடந்து போய்க் கொடி நாட்டிய வீர வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு யோசனையும் இருக்கிறது. நம் ஊரில் வந்து நிறைகிற வடநாட்டுக் கூட்டத்தைப் பற்றி மக்களை எச்சரித்தும் எழுத வேண்டுமாம்.

இரண்டு யோசனைகளும் ஒரே காகிதத்தில், ஒரே மையில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்று மற்றொன்றை வெட்டுகிறது என்று அன்பருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு மட்டுமா தோன்றவில்லை? அதனால்தான் தபாலில் பதில் போடாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த லாரிக்காரன். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. காவிரி கரூருக்கு அப்பால் ஓடுகிறது; வைகை மதுரைக்குப் போய்விடுகிறது. குடகனாறு என்று ஒன்று உண்டு. அதில் தண்ணீர் ஓடுகிற வருஷத்தை ஜனங்கள் கல்யாண வருஷத்தைப் போல ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். சோளம், கடலை, முருங்கை, நாலு ஆடு. ஆயிரம் அடிக்கு போர் போட்டு, வெறும் புழுதி கிளம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்ற குடியானவர்களை நான் அறிவேன். அப்படிப்பட்ட நிலத்தை அடமானம் வைத்து ஒருவன் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறான். உடனே நாம் அதற்குப் 'பணத்தாசை' என்று பேர் வைக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவுக்குக் கிளம்பினால் அதற்குப் பேர் வேறே: மேற்படிப்பு, எதிர்காலம், முன்னேற்றம்! ஆசை என்னவோ ஒன்றுதான். நல்ல சோறு, ஒழுகாத வீடு, பெண்ணுக்குப் படிப்பு. இவற்றை ஆசைப்பட்டுப் பெறுகிற உரிமை இங்கிலீஷ் பேசுகிறவனுக்குத்தான் உண்டென்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?

அவன் செய்கிற காரியம் என்னவென்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவனுடைய பாஸ்போர்ட்டுக்குத் தனி ஜாதி உண்டு. வளைகுடா முதலான 18 நாடுகளுக்கு அவன் வேலைக்குப் போக வேண்டுமானால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் அவனிடம் வாங்கலாம் என்று விதித்திருப்பது 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். கிராமத்துக்கு வந்து சேருகிற உப ஏஜென்டுக்கு அந்த விதியெல்லாம் வேதாந்தம். ஒன்றரை லட்சம் கடன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போயிற்று, வருஷத்துக்கு 54,000. முதல் சம்பளம் வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டால் அந்த வட்டியையும் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். இந்தக் கணக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில், தன் பாஸ்போர்ட்டை முதலாளியின் இரும்புப் பெட்டியில் கொடுத்துவிட்டு, ஐம்பது டிகிரி வெயிலில் ஒருவன் வண்டி ஓட்டுகிறான். ராத்திரி வீட்டுக்குப் போன் பேசும்போது, "சாப்பாடெல்லாம் நல்லா இருக்கு" என்கிறான்.

இங்கே அவன் மனைவி, "மழை நல்லா பேஞ்சுது" என்கிறாள். இரண்டும் பொய். அவள் அன்று பகலெல்லாம் பாங்கியில் நகைக் கடனைத் திருப்பி எழுதக் காத்து நின்றிருப்பாள். கடன்காரனைத் திண்ணையில் உட்காரவிடாமல் பேசி அனுப்பியிருப்பாள். மாமியாரின் மருந்துச் சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்திருப்பாள். என் கதையில் இவளுக்கு இரண்டு பக்கம்தான் கொடுத்தேன். அன்பருக்கு அதுவே அதிகமாகப் பட்டிருக்கிறது.

'வீரம்' என்றால் கத்தி வேண்டும், குதிரை வேண்டும், கடைசி அத்தியாயத்தில் மகுடம் வேண்டும் என்று வாசகர்களைப் பழக்கியவர்கள் எழுத்தாளர்களே. நம் மொழியில் வேறு விதமாக எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. புதுமைப்பித்தன் 1935இலேயே தேயிலைத் தோட்டத்தைப் பற்றித் 'துன்பக்கேணி' எழுதினார். மேடானில் பிழைக்கப் போயிருந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் புத்தகமாக வந்தது. நாம் அவர்களைப் படித்துத் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ராஜகுமாரர்களிடம் போய்விட்டோம்.

ஆனால் இன்னொரு வகையான பேர்வழிகள் உண்டு. அவர்கள் அன்பரைப் போல மட்டம் தட்டுகிறவர்கள் அல்லர், புகழ்கிறவர்கள். 'தியாகி', 'குடும்ப தீபம்', 'நாட்டின் அன்னியச் செலாவணியைக் காக்கும் வீரன்' என்றெல்லாம் மாலை போடுவார்கள். இவர்களிடம் எனக்கு இன்னும் அதிக பயம். காரணம் சொல்கிறேன்.

1988ஆம் ஆண்டு ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த தம் நாட்டுப் பெண்களிடம் பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி கொரசோன் அகினோ பேசினார். நீங்களே நாட்டின் புதிய வீரர்கள் என்று கொண்டாடினார். 'பகோங் பயானி' என்ற அந்தப் பட்டம் அன்றிலிருந்து அந்நாட்டில் நிலைத்துவிட்டது. பட்டம் கிடைத்தது, பாதுகாப்பு? 1995 மார்ச் 17ஆம் தேதி, சிங்கப்பூரில் வீட்டு வேலை செய்துவந்த ஃபுளோர் கான்டெம்ப்ளாசியோன் என்ற பிலிப்பைன்ஸ் பெண் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றவாளி அல்லர் என்று அந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்கள் நம்பினார்கள். தண்டனையைத் தள்ளிப்போடும்படி அவர்களுடைய ஜனாதிபதியே கேட்டும் நடக்கவில்லை. ஜனங்கள் தெருவில் இறங்கிக் கொதித்த பிறகுதான், அதே ஆண்டில், அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் அங்கே பிறந்தது. வீரர் என்று அழைத்த ஏழு வருஷத்தில் நடக்காத காரியம் ஒரு சவ ஊர்வலத்துக்குப் பின் நடந்தது! ஒருவனைத் தியாகி என்று அழைத்துவிட்டால் அவனுக்குச் சம்பள பாக்கி தர வேண்டியதில்லை என்று நினைக்கிற மனோபாவம் எல்லா நாட்டிலும் இருக்கிறது.

நம்மிடமும் விழாக்களுக்குக் குறைவில்லை. 1915 ஜனவரி 9ஆம் தேதி காந்திஜி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி வந்தாரல்லவா? அந்த நாளை 2003 முதல் வெளிநாடு வாழ் இந்தியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 12ஆம் தேதி அயலகத் தமிழர் தினம். நல்ல காரியந்தான், குறை சொல்லவில்லை. மேடை நாற்காலியில் லாரி டிரைவர் ஒருவரை உட்கார்த்திய படத்தை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது அன்பர் கேட்ட 'கொடி நாட்டிய' வரலாற்றுக்கு வருகிறேன். பெரிய ராஜாக்களின் கப்பல்களை விட்டுவிடுவோம். அவற்றில் போனவர்கள் கூலிக்குப் போகவில்லை. எங்கள் ஜில்லாவும் ஒரு காலத்தில் மதுரை ஜில்லாதான்; திண்டுக்கல் தனியாகப் பிரிந்தது 1985இல். அந்த மதுரை ஜில்லாவிலிருந்தும் திருச்சி, சேலம், ராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் பஞ்சத்துக்குத் தப்பி இலங்கைக்குப் போனவர்கள் முதலில் காப்பித் தோட்டங்களையும் பிறகு தேயிலைத் தோட்டங்களையும் உண்டாக்கினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தவர்களில் வழியிலேயே விழுந்து மடிந்தவர்கள் எத்தனையோ பேர். கங்காணி கொடுத்த முன்பணம் காலில் சங்கிலியாகக் கிடந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' என்று ஒரு சீட்டு. இவன் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவிப்போம் என்று அதில் எழுதியிருக்கும். மனிதனை மேற்படி கடனோடு சேர்த்துக் கை மாற்றுகிற சீட்டு! 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்றைக்கு விசாக் கடன் என்கிறோமே, அது அந்தத் துண்டுக்குப் பேரன் முறை.

நூறு வருஷம் உழைத்தவர்களுக்கு 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் 'நீ இந்த நாட்டான் அல்ல' என்றது. 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிற்பாடு பேசிக்கொள்ளலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பாகப்பிரிவினையில் ஆடு மாடுகளைப் பிரிக்கும்போதுகூட எந்தப் பசுவுக்கு எந்தக் கன்று என்று பார்ப்பார்கள். இங்கே அண்ணன் கப்பலேறினான், தம்பி மலையில் நின்றான்.

அங்கே இவர்களுக்கு இருந்த பேர் 'கள்ளத்தோணி'. கப்பலில் வந்து இறங்கி, கொடைக்கானல் மலையில் கூலிக்கு மரம் வெட்டவும், நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கவும் போனபோது, நாம் அவர்களுக்கு வைத்த பேர் 'சிலோன்காரன்'. தாய்நாடு வரவேற்ற அழகு இது! கடல் கடந்து கொடி நாட்டிய வரலாற்றின் மிகப் பெரிய அத்தியாயம் இதுதான், அன்பரே. இதை எழுதச் சொல்கிறீர்களா?

சொன்னால் எழுதுகிறேன். ஆனால் எழுதி முடித்த கையோடு உங்களுடைய இரண்டாவது யோசனையை எப்படி எழுதுவது? வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து நூல் மில்களில் இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊரிலும் நிலம் இப்படித்தான், கடனும் இப்படித்தான். கங்காணியும் உண்டு, பேர் மட்டும் காண்டிராக்டர். இரண்டு நாள், மூன்று நாள் ரயிலில் நின்றும் படுத்தும் வந்து, திண்டுக்கல்லில் இறங்கி, பாஷை தெரியாமல் விழித்து நிற்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நம் ஆட்கள் நகர்ந்துகொள்கிறார்கள். 'வடக்கன்' என்கிறார்கள். என் லாரிக்காரனை ரியாத்தில் என்னவென்று அழைத்தார்களோ, நான் கதையில் அதை எழுதவில்லை.

ஒரு வாதம் நியாயமானது. அதை மறைக்க மாட்டேன். இவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் உள்ளூர்க்காரனுக்குக் கூலி இறங்குகிறது என்கிறார்கள். வாஸ்தவம். அந்தக் கூலியை நிர்ணயித்தவன் யார்? பாட்னாவிலிருந்து வந்த பையனா? 1979ஆம் ஆண்டுச் சட்டமே, வெளி மாநிலத்திலிருந்து காண்டிராக்டர் மூலம் வருகிற தொழிலாளிக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குச் சமமான கூலி, வந்து போகச் செலவு, இடம்பெயர்ந்ததற்கு ஒரு படி என்றெல்லாம் எழுதி வைத்தது. அது அமலாகியிருந்தால் அவனைக் கொண்டுவருவதில் முதலாளிக்கு லாபமே இருந்திராது. நம் கோபம் அந்தச் சட்டத்தை அமல் செய்யாதவர்கள் பக்கம் ஏன் போகவில்லை? அவர்கள் பஸ்ஸில் நம் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை, அதனால்தான்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. பலர் பயந்து ஊருக்கு ரயிலேறினார்கள். போலீஸ் அது பொய்யென்று நிரூபித்தது. நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். பொய்தான், சந்தேகமில்லை. ஆனால் இங்கே வருஷக்கணக்காக வேலை செய்த மனிதர்கள் கேட்டவுடனே அந்தப் பொய்யை நம்பினார்களே, அதற்கு நாம் என்ன சமாதானம் சொல்வோம்?

2024 ஜூன் 12ஆம் தேதி குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றியது. இரண்டு நாள் கழித்து 45 இந்தியர்களின் உடல்களை விமானப்படை விமானம் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு. அன்று இங்கே டீக்கடையில் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள்: ஓர் அறையில் இத்தனை பேரை அடைத்து வைப்பதா, அவர்கள் என்ன மனிதர்களா, மிருகங்களா என்று.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, மில் ரோட்டில் தகரக் கூரை போட்டு வரிசையாக அறைகள் கட்டி விட்டிருக்கிற ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் தோகாவில் இருக்கிறான். போனை எடுத்து அவன் அனுப்பிய படத்தைக் காட்டினார். ஒன்றன் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். இடையில் ஒரு கயிற்றில் துணிகள். "பாருங்க தம்பி, எட்டுப் பேரு. நம்ம வீட்டுல எப்படி வளந்த புள்ளைங்க அவன்..." என்றார். கண் கலங்கிவிட்டது, நிஜமான கண்ணீர்.

அப்போது ஷிப்ட் முடிந்து நாலு பையன்கள் வந்தார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு. ஒருவன் நன்றாகவே தமிழ் பேசினான். "அண்ணா, ஊர்ல இருந்து தம்பி வர்றான். எங்க ரூம்லயே படுத்துக்குவான்" என்றான்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படுத்துக்கட்டும். தலைக்கு எட்டு நூறு" என்றார்.