முந்திரிக்கு விளம்பரம்... குழந்தைகள் கேம்சில் ஓடுது! இன்டர்நெட்டில் கரையும் கடைக்காரர் காசு

கடலூர்:

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். இந்தப் பக்கத்து சின்னக் கடைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் விளம்பரம் என்றால் நோட்டீஸ், சுவர், ஆட்டோவில் மைக், உள்ளூர் கேபிள் டி.வி. என்று நாலு வழிதான். காசு எங்கே போச்சு என்று கண்ணால் பார்க்கலாம். நோட்டீசை வாங்கியவன் கசக்கிப் போட்டாலும் அதுவும் தெரியும்.

இப்போது எல்லார் கையிலும் செல்போன். "5 ஆயிரம் ரூபாய் கட்டுங்க, கடை விளம்பரத்தை இன்டர்நெட்டில் ஓட விடுறோம்" என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள் ஏஜெண்டுகள். கட்டுகிறார்கள். மாசக் கடைசியில் "உங்க விளம்பரத்தை இத்தனை ஆயிரம் பேர் பார்த்தாங்க" என்று ஒரு கணக்கு வருகிறது. கடைக்கு மட்டும் யாரும் வந்தபாடில்லை.

அந்த விளம்பரம் எந்த இணையதளத்தில் ஓடியது? இதைக் கேட்கிற கடைக்காரர்கள் ரொம்பக் குறைவு. பணம் போகிற ஓட்டையே அங்கேதான் இருக்கிறது.

எங்கேயோ ஓடும் விளம்பரம்

பண்ருட்டி பக்கம் முந்திரி வியாபாரி ஒருவர் 5 ஆயிரம் ரூபாய் போடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இன்டர்நெட் விளம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். ஆக 5 ஆயிரத்து 900 ரூபாய் ஆச்சு. பத்திரிகையில் விளம்பர இடம் வாங்கினால் அதே வரி 5 சதவீதம்தான். இதை ஏஜெண்டுகள் முதலில் சொல்வதில்லை.

கூகுள் கம்பெனி 2000-ம் ஆண்டு விளம்பர வியாபாரத்தை ஆரம்பித்தது. 2003-ல் மற்றவர்கள் நடத்தும் இணையதளங்களிலும் விளம்பரம் போட்டுக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. தமிழ்ப் பக்கங்களுக்கு இந்த வசதி 2018-ல்தான் கிடைத்தது. இன்று சமையல் குறிப்பு, ஜோசியம், சினிமா கிசுகிசு என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நடுவில் விளம்பரம் எட்டிப் பார்க்க இதுதான் காரணம்.

எந்தப் பக்கத்தில் ஓட வேண்டும் என்று காசு கொடுப்பவர் சொல்லாவிட்டால், கம்ப்யூட்டரே இஷ்டத்துக்கு முடிவு பண்ணும். குழந்தைகள் விளையாடும் கேம்ஸ் நடுவிலும் போய் உட்காரும். 4 வயசுப் பொடியன் பலூனை உடைக்கப் போய் முந்திரி விளம்பரத்தைத் தொட்டு விடுவான். அதுவும் ஒரு கிளிக். அதுக்கும் வியாபாரி காசு அழ வேண்டும்!

விளம்பரம் பிடிப்பதற்காகவே நடத்தப்படும் வெத்துப் பக்கங்கள் வேறு இருக்கின்றன. தலைப்பு பிரமாதமாக இருக்கும். உள்ளே போனால் சரக்கு இருக்காது, பத்து விளம்பரம் இருக்கும். அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர் சங்கம் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அதில் இணையதளங்களில் கம்ப்யூட்டர் மூலம் வாங்கிய விளம்பரப் பணத்தில் 15 சதவீதம் இந்த மாதிரி பக்கங்களுக்குப் போனது தெரிந்தது. விவரம் தெரிந்த பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கதி.

4 லட்சம் எங்கே, 5 ஆயிரம் எங்கே?

ஜே.பி. மார்கன் சேஸ் என்ற அமெரிக்க வங்கியின் விளம்பரம் மாசம் 4 லட்சம் இணையதளங்களில் ஓடிக் கொண்டிருந்தது. 2017-ல் வங்கிக்கு சந்தேகம் வந்து கணக்குப் பார்த்தது. விளம்பரத்தைப் பார்த்து ஜனங்கள் ஏதாவது செய்த தளங்கள் வெறும் 12 ஆயிரம். வங்கியில் பயிற்சிக்கு வந்த ஒருவர் அந்த 12 ஆயிரத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அதிலும் 7 ஆயிரம் தேறவில்லை. மிச்சம் 5 ஆயிரம் தளங்களில் மட்டும் விளம்பரத்தை ஓட விட்டார்கள். வியாபாரம் படுத்து விடும் என்று பயந்தவர்களுக்கு ஆச்சரியம். முன்பு கிடைத்த பலன் அப்படியே கிடைத்தது!

அந்த வங்கி ஒரு ஆளை உட்கார வைத்துச் செய்த வேலையைத்தான் சின்னக் கடைக்காரரும் செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்கு 12 ஆயிரம் வேண்டாம், 20 பக்கம் பார்த்தால் போதும்.

கூட்டம் வேற... கஸ்டமர் வேற

கூட்டம் அதிகம் வரும் பக்கமே நல்ல பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். 2025-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி செம்மங்குப்பம் ரெயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரெயில் மோதி மாணவ, மாணவிகள் 3 பேர் இறந்தார்கள். அன்று தமிழ்நாடு முழுக்க செம்மங்குப்பம் பேர்தான். அன்றைக்கு அந்தச் செய்தியைத் தேடிப் படித்தவர்கள் பதறிப் போய்ப் படித்தவர்கள். அந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் வந்தால் யார் வாங்குவார்கள்? கடை பேர்தான் கெடும். "செம்மங்குப்பம்" என்ற ஒரே சொல்லை வைத்து விளம்பரத்தைச் சேர்த்து விடும் கம்ப்யூட்டருக்கு சாவு வீடும் கல்யாண வீடும் ஒன்றுதான்.

இதுக்கு நேர் எதிராக, சின்னப் பக்கமாக இருந்தாலும் ஆள் சரியாக இருந்தால் காசு தேறும். பரங்கிப்பேட்டைக்காரர்கள் பலர் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். ஊர்ச் செய்திக்காக அவர்கள் பார்க்கும் பக்கத்தில் மனை, வீடு விளம்பரம் போட்டால் விசாரிக்க ஆள் வரும். அதே பக்கத்தில் பிரியாணிக் கடை விளம்பரம் போட்டால் துபாயில் இருப்பவர் பார்த்து எச்சில் விழுங்குவதோடு சரி.

பாரத் மேட்ரிமோனி முருகவேல் ஜானகிராமன் கதையும் இதுதான். 1997-ல் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது தமிழர்களுக்காக ஒரு இணையதளம் நடத்தினார். அதில் பல பகுதிகள் இருந்தும் ஜனங்கள் மொய்த்தது வரன் பார்க்கும் பகுதியில். அதைப் பிடித்துக் கொண்டார். மண்டபக்காரர், சமையல்காரர், போட்டோ ஸ்டூடியோக்காரர் எல்லாம் காத்திருக்க வேண்டிய இடம் வரன் தேடுகிற இடம்தான். சினிமா பக்கத்தில் அவர்களுக்கு என்ன வேலை?

தேடுவது எப்படி?

நல்ல பக்கத்தைக் கண்டுபிடிக்க பெரிய படிப்பு வேண்டாம். கடைக்கு வரும் 20 பேரிடம் "போன்ல என்ன பார்ப்பீங்க, எங்களை எப்படித் தெரியும்" என்று கேட்டாலே பாதி விஷயம் வந்து விடும். அப்புறம் வாங்குபவர் மாதிரியே தேடிப் பார்க்க வேண்டும். "கடலூர் கல்யாண மண்டபம்", "பண்ருட்டி முந்திரி விலை" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் அடித்தால் முதலில் வரும் பக்கங்கள்தான் விளம்பரத்துக்கு ஏற்ற பக்கங்கள். மொத்தமாக முந்திரி விற்பவர் என்றால் 1996-ல் இருந்து நடக்கும் இந்தியாமார்ட் போல மொத்த வியாபாரிகள் கூடும் தளத்தைப் பார்க்கலாம். பட்டியல் கையில் இருந்தால் "இந்தப் பக்கங்களில் மட்டும் ஓட்டு" என்று கூகுளில் சொல்ல வழி இருக்கிறது. "கேம்சில் வேண்டாம்" என்று தடுக்கவும் முடியும்.

இன்னொரு சூட்சுமம் ஊர் விஷயம். கடலூர் என்று கொடுத்தால், கடலூரில் இருப்பவர்கள் மட்டுமல்ல, கடலூர் மேல் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் விளம்பரம் போகும். தானாக அப்படித்தான் அமைந்திருக்கும். மஞ்சக்குப்பம் மளிகைக் கடைக்கு இது தண்டச் செலவு, மாற்றி விட வேண்டும். ஆனால் சிதம்பரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர் மாற்றவே கூடாது. ஆருத்ரா தரிசனத்துக்கு ரூம் தேடுபவர் சேலத்திலோ சென்னையிலோ அல்லவா உட்கார்ந்திருப்பார்!

உள்ளூர் இணையதளக்காரரிடம் நேராக விளம்பரம் வாங்குவதாக இருந்தால் "தினமும் லட்சம் ஹிட்" என்ற பேச்சில் மயங்கக் கூடாது. ஒரு பக்கத்தில் 30 படம் இருந்தால், ஒருத்தர் ஒரு தடவை திறந்தாலே ஹிட் கணக்கில் 31 ஏறும். எத்தனை ஆட்கள், எந்தெந்த ஊர் ஆட்கள் என்று கேட்க வேண்டும். காட்ட மறுப்பவரிடம் பேச்சை முடித்துக் கொள்வதே நல்லது.

செம்மங்குப்பம் பஞ்சர் கடைக்கும் மெஸ்சுக்கும் இந்த வம்பே வேண்டியதில்லை. கூகுள் மேப்பில் கடை பேர், போன் நம்பர், திறக்கும் நேரம் போடுவது இலவசம். அதைச் செய்து தருகிறேன் என்று காசு கேட்பவர்களும் ஊரில் உண்டு. வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் கொஞ்ச நேரத்தில் செய்து விடும்.

காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் 500 ரூபாய் மட்டும் போட்டு ஒரு வாரம் பார்க்கலாம். ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு சலுகை வார்த்தை கொடுக்க வேண்டும். "இந்த வார்த்தையைச் சொன்னால் 50 கிராம் முந்திரி ப்ரீ" என்று போட்டால், எந்தப் பக்கத்தைப் பார்த்து ஆள் வந்தார் என்று கல்லாவில் இருப்பவருக்கே தெரிந்து விடும். வாரக் கடைசியில் ஏஜெண்டிடம் விளம்பரம் ஓடிய தளங்களின் பட்டியலைக் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலை கூகுளே கொடுக்கிறது. "அதெல்லாம் வராது அண்ணே" என்று ஏஜெண்டு சொன்னால், அடுத்த மாசப் பணத்தை எண்ணிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.