நுனி கருகின் அடியை நோக்குக

தொட்டியில் வளரும் இளங்கன்றொன்றின் இலைநுனி பழுப்பேறிக் கருகுவதைக் கண்டவர் பெரும்பாலும் இரண்டிலொன்றைச் செய்கின்றனர்: நீர்ச்செம்பை எடுக்கின்றனர், அன்றேல் உரப்பையை அவிழ்க்கின்றனர். இவ்விரண்டும் அன்பினால் நிகழ்வன என்பதில் ஐயமில்லை. ஆயினும், காரணம் அறியாது செய்யும் உதவி சிலபோது உதவாமையினும் கொடிதாய் முடிகின்றது. இதனை யான் நூலிற் கற்றதற்கு முன்னரே ஒரு மாங்கன்றினிடம் கற்றேன்.

எங்கள் இல்லத்தின் பின்புறத்தே பாட்டனார் நட்ட மாமரம் ஒன்று நின்றது. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வார்தா புயல் சென்னையைத் தாக்கியபோது அம்மரம் வேரோடு சாய்ந்தது. அவ்வாண்டுக் கோடையில் அம்மரத்துக் கொட்டையொன்றை விளையாட்டாக மண்தொட்டியில் ஊன்றியிருந்தோம். அக்கன்றொன்றே எஞ்சிற்று. விதையிற் பிறந்த மாங்கன்று தாய்மரத்தின் கனியை அப்படியே தருமென்னும் உறுதியில்லை என்பதை அறிவோம். எனினும், பாட்டியார் அதனைப் பேரப்பிள்ளை என்றே அழைத்து வந்தார்.

அடுத்து வந்த 2017-ஆம் ஆண்டுக் கோடையில் நகரெங்கும் நீர்ப்பஞ்சம். கன்றின் அடியிலைகளின் நுனி கருகத் தொடங்கிற்று. வெயிலின் கொடுமையால் அதற்குத் தாகம் என்று யான் முடிவு செய்தேன். குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்துவிடும் நீரை வீணாக்கலாகாது என்னும் சிக்கன எண்ணத்தால், அதனையே காலையும் மாலையும் வார்த்தேன். கருகல் நுனியினின்று விளிம்புகளுக்குப் பரவிற்று. அண்டை வீட்டார் ஒருவர் சத்துக் குறைவென்றார். பொட்டாஷ் உரம் ஒரு கரண்டி இட்டேன். பத்து நாட்களுள் பாதி இலைகள் உதிர்ந்தன.

அப்போது யான் இக்கல்லூரியில் மாணாக்கன். தோட்டப்பணியில் முதிர்ந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டினேன். "ஐயா, இதற்கு என்ன மருந்து போடலாம்?" என்றேன். அவர் மருந்தின் பெயர் எதனையும் கூறினாரில்லை. "தம்பி, முதலில் கருகியது பழைய இலையா, கொழுந்தா? இதற்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறாய்?" என்று வினவினார். பின்னர்த் தொட்டியின் வாய்விளிம்பிற் படிந்திருந்த வெண்பொடியை நகத்தாற் சுரண்டி நாவில் வைத்து, என்னையும் சுவைத்துப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. "பிள்ளைக்குக் கடல் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்திருக்கிறாய்" என்றார்.

அவர் கூறியதன் உண்மை பின்னர் விளங்கிற்று. சுத்திகரிக்கும் இயந்திரம் உப்பை அழிப்பதன்று, பிரிப்பது. நாம் பருகும் நீரினின்று நீக்கிய உப்பனைத்தும் கழிவுநீரிற் செறிந்து நிற்கின்றது. யான் இட்ட பொட்டாஷ் உரமோ குளோரைடு கலந்த வகை. மாமரம் குளோரைடைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. அதன் மிகுதியால் முதிர்ந்த இலைகளின் நுனியும் விளிம்பும் கருகும் என்பது தோட்டக்கலையார் நன்கறிந்த செய்தி. ஆகவே, உப்பினால் நோயுற்ற கன்றுக்கு உப்பையே மருந்தாகக் கொடுத்தேன்.

கேடு வேரிலிருக்க, அடையாளம் நுனியில் தோன்றுவது ஏன்? வேர் உறிஞ்சும் நீர் தண்டின் வழியே ஏறி, இலை நரம்புகளிற் பரவி, நுண்டுளைகளின் வாயிலாக ஆவியாகின்றது. இங்கிலாந்து தேசத்துப் போதகரும் ஆராய்ச்சியாளருமாகிய ஸ்டீபன் ஹேல்ஸ் என்பார் 1724-ஆம் ஆண்டில் தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடி ஒன்றின் மண்ணை ஈயத்தகட்டால் மூடி, காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்து, அது பகற்போதிற் சராசரியாக ஒன்றேகால் பவுண்டு நீரை வெளிவிடுவதைக் கண்டார். அந்நீர் ஆவியாய்ப் போகும். அதிற் கரைந்த உப்பு போகாது. ஓட்டம் முடியும் இடமாகிய நுனியிலும் விளிம்பிலும் அது நாடோறும் தங்கிச் சேர்ந்து, அளவு மிஞ்சியபோது அவ்விடத்துத் திசுக்களைக் கொல்கின்றது. இனி, நீர் குறையினும் முதலில் வாடுவது நுனியே. தெருக்குழாயில் நீரின் வேகம் தளர்ந்தால் முதலில் வறள்வது கடைசி வீடு அன்றோ?

ஆதலின், கருகிய நுனி நோயன்று. நோயின் குறி மாத்திரமே. குறி ஒன்றாயிருக்க, முதல் பலவாதல் கூடும். மண் வறண்டாலும் நுனி கருகும். மண் எப்போதும் சேறாயிருந்தாலும் கருகும். காற்றின்றி வேர் அழுகிவிடின், நீர் நடுவே நிற்கும் செடியும் நீர் பெறாது. வெப்பக் காற்றாலும், தொட்டியில் இடமின்றி வேர் சுற்றிக்கொள்வதாலும், பூஞ்சண நோயாலும் கருகல் உண்டாகும். இவற்றுள் ஒன்றன் மருந்து மற்றொன்றிற்கு நஞ்சு. வறண்ட வேருக்கு உயிரளிக்கும் நீரே அழுகும் வேருக்கு எமனாகும்.

எனவே, கையில் செம்பை எடுக்குமுன் சில வினாக்களுக்கு விடை காண்பது கடன். கருகியது முதிர்ந்த இலையா, தளிரா? முதிர்ந்த இலை முதலிற் கருகின் உப்பையோ சாம்பற்சத்துக் குறைவையோ ஐயுறலாம். மழைக்காலத்திற் தளிரில் ஒழுங்கற்ற கரும்புள்ளிகள் தோன்றிப் பரவின் பூஞ்சணத்தை ஐயுறலாம். விரலை இரண்டங்குலம் மண்ணுள் செலுத்தினால் ஈரமா, வறட்சியா? மண் புளித்து நாறுகின்றதா? தொட்டியின் விளிம்பில் வெண்படிவு உண்டா? கன்றை மண்கட்டியோடு மெல்ல உருவிப் பார்த்தால் வேர் வெளிறித் திண்மையாக உள்ளதா, பழுத்துக் குழைந்துள்ளதா? எல்லாவற்றினும் மேலாக, சென்ற ஒரு திங்களில் நாம் இதற்குச் செய்தது யாது?

"ஒரு செடிக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ? வேலை மிகுந்த மாணாக்கருக்கு நேரமேது?" என்று சிலர் வினவக்கூடும். இவ்வினாக்களுக்கு விடை காண ஐந்து நிமிடம் போதும். யான் ஆராயாது செய்த வைத்தியத்திற்கோ ஒரு திங்கள் சென்றது. இக்காலத்தில் இலையைக் கைப்பேசியிற் படம்பிடித்து நோயின் பெயரைக் கேட்டறியும் வழக்கமும் பரவியுள்ளது. அது பயனற்றதென்று கூறேன். ஆயினும் படத்தில் இலை தெரியும்; வேரின் நாற்றமும் நீரின் சுவையும் தெரியா. அவற்றை அறியவல்லார் அருகில் நிற்கும் நாமே.

எங்கள் கன்றுக்கு அப்பெரியவர் சொன்ன பரிகாரம் எளியது. உரத்தை நிறுத்தினோம். தொட்டியின் கொள்ளளவு பத்து லிட்டர். அதன் இருமடங்காக இருபது லிட்டர் நல்ல நீரைச் சிறிது சிறிதாக வார்த்து, அடித்துளை வழியே வடியவிட்டு, உப்பைக் கழுவினோம். அப்பஞ்ச காலத்தில் அது குடிப்பதற்கென வைத்திருந்த நீர். பாட்டியார் மறுப்பின்றித் தந்தார். கருகிய பகுதி மீண்டும் பசுமையாகவில்லை. இறந்த திசு மீளாது. குணமாயிற்றா என்பதற்குச் சான்று பழைய இலையன்று, புதிய இலையே. சில வாரங்களில் செம்புநிறத் தளிர்கள் எழுந்தன. அவற்றின் நுனிகள் பழுதின்றி விரிந்தன.

மரக்கன்று வழங்கும் விழாக்கள் நம் கல்லூரிகளிற் குறைவில்லை. வழங்கிய கன்றுகளுள் எத்துணை ஓராண்டு கடந்து நின்றன என்று எண்ணுவார் அரியர். கன்றோடு ஒரு சிறு குறிப்பேட்டையும் கொடுத்து, எந்த நீர், எத்துணை, என்று, எவ்வுரம் என்பவற்றை மாணாக்கர் எழுதிவரச் செய்தல் நலம் என்பது என் துணிபு. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. அதன் பயனைப் புதிய தளிரிற் காண்க. பின்னரே அடுத்ததைச் செய்க. இவ்வொழுக்கத்தை ஒரு தொட்டிச் செடியிடம் கற்றவன் ஆய்வுக்கூடத்திலும் இதனை மறவான்.

இன்று ஆசிரியனாய் நிற்கும் எனக்கு வேறொரு பயனும் உண்டாயிற்று. வகுப்பில் ஒருவனது மதிப்பெண் குறையக் கண்டால், முன்போல உடனே கூடுதற் பயிற்சியை விதிக்க மனம் துணிவதில்லை. அவன் எங்கே தங்குகின்றான், காலையில் உண்டானா, இரவில் எங்கே வேலை செய்கின்றான் என்று முதலிற் கேட்கின்றேன். பலமுறை காரணம் ஏட்டில் இல்லை, அடியில் இருக்கின்றது.

அம்மாங்கன்று இப்போது கொல்லையில், பழைய மரம் நின்ற இடத்திலேயே, கூரையளவு வளர்ந்து நிற்கின்றது. அதன் கனி தாய்மரத்தின் சுவையை ஒக்குமோ என்பதை இன்னும் யாம் அறியோம். அதன் இலைநுனிகளை மட்டும் நாடோறும் பார்த்து வருகின்றோம்.