உழைப்புக்குத் திருநாள், உழைத்தவனுக்கு?

ஹங்கேரியில் மே 1 அரசு விடுமுறை. அவர்கள் மொழியில் அந்த நாளின் பெயர் 'முன்கா உன்னெபெ'. உழைப்பின் திருநாள். உழைப்பாளியின் திருநாள் இல்லை. பெயர்தானே, இதில் என்ன இருக்கு என்று தாண்டிப்போக என்னால் முடியவில்லை. உழைப்பைக் கும்பிட்டுவிட்டு உழைத்தவனை வாசலிலேயே நிறுத்துகிற வித்தையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1890-ல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் தொழிலாளிகள் மே நாளுக்குக் கூடியபோது யாரும் லீவு கொடுக்கவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 1945-க்குப் பிறகு அது அரசு விழாவாச்சு. மேடைமேல் தலைவர்கள், கீழே ஊர்வலம், ஊர்வலம் முடிந்தால் பீரும் தொத்திறைச்சியும். 1956 எழுச்சியில் தொழிற்சாலைகளைத் தொழிலாளர் குழுக்கள் கையில் எடுத்தன. புடாபெஸ்ட் மத்தியக் குழுவின் தலைவர் சாண்டோர் ராட்ஸுக்கு வயசு 23, கருவிப்பட்டறைத் தொழிலாளி. பேச்சுவார்த்தைக்கு என்று போனவரை டிசம்பரில் பிடித்துப் போட்டார்கள். ஆயுள் தண்டனை. பொதுமன்னிப்பில் வெளியே வந்தது 1963-ல். அவர் உள்ளே போய் ஐந்து மாதம் ஆவதற்குள், 1957 மே 1 அன்று, அதே அரசு வீரர்கள் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூட்டி உழைப்பைக் கொண்டாடியது.

சரி, அந்த ஊர்வலப் படங்களில் தெரியாத ஒருத்தர் இருக்கிறார். வடகிழக்குக் கிராமங்களிலிருந்து வாரக் கடைசியில் வீட்டுக்கும், திரும்பப் புடாபெஸ்ட்டுக்கும் ஏழைத் தொழிலாளிகளைச் சுமந்த ரயில்களுக்குக் 'கறுப்பு ரயில்' என்று பேர். 1970-ல் பால் ஷிஃபர் அதே பேரில் ஆவணப்படமே எடுத்தார். அதில் ஏறியவர்களில் ரோமா மக்கள் நிறைய. மண் தோண்டினார்கள், கான்கிரீட் சுமந்தார்கள், தொழிலாளர் விடுதியில் படுத்தார்கள். 1971-ல் சமூகவியலாளர் இஷ்ட்வான் கெமேனி எடுத்த கணக்கில், வேலை செய்யும் வயதுள்ள ரோமா ஆண்களில் நூற்றுக்கு 85 பேர் வேலையில் இருந்தார்கள். 1993-94-ல் அவரே சக ஆய்வாளர்களோடு மறுபடி எண்ணியபோது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆட்சி மாறி ஆலைகள் மூடியபோது முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டது இவர்கள்தான். பிறகு 'வேலை செய்யாத சோம்பேறிகள்' என்று பட்டமும் கட்டினார்கள். இந்தப் பேச்சு நம் காதுக்குப் புதுசா என்ன?

2011-லிருந்து பெரிதாக நடத்தப்பட்ட பொதுவேலைத் திட்டத்தையும் சொல்ல வேண்டும். வாய்க்கால் தூர்வாருவது, தெரு பெருக்குவது. 2016-ல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,11,000 ஃபோரின்ட், பொதுவேலைக்கு 79,155. குறைந்தபட்சத்துக்கும் கீழே ஒரு படி போட்டிருக்கிறார்கள். யார் நிற்பதற்கு என்று கேட்கவேண்டாம். மாட்டேன் என்றால் உதவித்தொகையும் போச்சு.

அந்த ஊரை நான் பார்த்ததில்லை, வாசித்ததுதான். சாயோகாசா. நிலக்கரிச் சுரங்க வட்டாரம். சுரங்கங்கள் மூடியபின் ரோமா குடியிருப்பில் வேலையும் இல்லை, பிள்ளைகளுக்குச் சரியான படிப்பும் இல்லை. பல இடங்களில் ரோமா பிள்ளைகளைத் தனி வகுப்பில் உட்காரவைக்கிற நாடு அது. அங்கே 2007-ல் ரோமா பிள்ளைகளுக்காக ஒரு மேல்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். பள்ளிக்குப் பேர் டாக்டர் அம்பேத்கர் பள்ளி. நடத்துகிற அமைப்புக்குப் பேர் ஜெய் பீம். நம்மிடமிருந்து யாரும் போய் வைத்த பேரில்லை. அவர்களே அம்பேத்கரைப் படித்து, இது நம்ம கதையாச்சே என்று எடுத்துக்கொண்டது.

மே 1 கழிந்த சில நாளிலேயே ஹங்கேரியில் பள்ளியிறுதித் தேர்வு ஆரம்பம். கறுப்பு ரயிலில் போனவர்களுக்குப் பேரன் பேத்தி வயசுப் பிள்ளைகளுக்கு அந்த விடுமுறை, கொடி பிடிக்கிற நாள் இல்லை. கணக்குப் புத்தகத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்க்கிற நாள்.