விமானத்திற்கு ஒரு மணி, வட்டகொடைக்கு எத்தனை?

கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 420 கிலோமீற்றர். விமானத்திற்கு வேண்டுவது ஒரு மணி நேரமே. பலாலியிலிருந்து அளப்பின் 200 கிலோமீற்றருக்கும் குறைவு. 2025 மார்ச்சு இறுதியில் அவ்வழியிலும் விமானம் பறக்கத் தொடங்கிற்று. தமிழகம் கூப்பிடு தூரத்திற்கு வந்துவிட்டதென மகிழ்வோர் பலர். நாமும் மகிழ்கின்றோம். ஆயினும் ஒன்று கேட்போம்: இத்தூரம் யாருடைய வாசலிலிருந்து அளக்கப்பட்டது?

வட்டகொடைத் தோட்டத்து லயத்திலிருந்து அளந்து பாருங்கள். தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை என மலை வளைவுகளில் இறங்கிக் கட்டுநாயக்காவை அடைய ஐந்து மணி நேரமேனும் செல்லும். அத்தரைவழியோ வான்வழியின் பாதியுமன்று. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னரே அங்கு நிற்றல் வேண்டும். ஒரு மணிப் பயணத்திற்கு எட்டு மணி நேர ஆயத்தம்! திருச்சியில் இறங்கினால் முடிந்ததா? உறவினர் வாழ்வது நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அன்றோ?

அவர்கள் அங்குச் சென்ற கதையை நாடறியும். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவிற்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. பங்கிடப்பட்ட மக்களைக் கேட்டார் எவர்? அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகக் குடும்பங்கள் பிளவுண்டன. 1968 முதல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கி, சென்றவர்களிற் பலரைக் குடியமர்த்திற்று.

அந்நாளில் அவர்களுக்கு ஒரு வழி இருந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. தலைமன்னாரிற் புகைவண்டி ஏறிப் பொல்காவலையில் மாறினால், வட்டகொடை நிலையத்திலேயே இறங்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. 1980-களில் போர்ச் சூழல் அதனையும் நிறுத்திற்று. அது விரைவான வழியன்று. ஆனால் ஏழையின் வழி.

2024-இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கில் மாதம் இருபத்தைந்து நாள் கொழுந்து கொய்தாலும் அன்று கிடைத்தது 33,750 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பம் வான்வழி சென்று மீளப் பல மாத உழைப்பு வேண்டும். தங்கையின் மகளுக்குத் திருமணம் என்றாலும், தாய்மாமன் வாழ்த்துச் செய்தியோடு நின்றுவிட வேண்டியதுதானா?

விமானம் இருக்கக் கப்பல் எதற்கென்று கேட்பாருளர். மருத்துவரும் வழக்கறிஞரும் விமானத்திற் செல்க, தடுப்பாரில்லை. நோயாளிக்கும் அவசரக்காரருக்கும் அது வரப்பிரசாதமே. ஆனால் விமானம் வந்தமை, கப்பல் வாராதிருப்பதற்கு நியாயமாகாது. மரக்கறி விற்ற பணத்தை எண்ணிச் செலவிடும் விவசாயிக்கும், கொழுந்து பறிக்கும் தாய்க்கும் நேரத்தைவிடக் கட்டணமே பெருந்தடை.

தலைமன்னார்ப் புகைவண்டிப் பாதை 2015-இல் மீண்டது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரிற் கப்பல் வந்தது. இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலையும் விரைவில் மீளத் தொடங்க முயல்வதென 2024 டிசம்பரில் இரு அரசுகளும் உடன்பட்டன. அவ்வுடன்பாடு ஏட்டுச் சுரைக்காயாகிவிடலாகாது. கப்பல் வருக, அதன் நேரத்திற்கு இசைந்த புகைவண்டி மலையகம் வரை வருக, கட்டணம் தொழிலாளியின் கைக்கு எட்டுவதாகுக. 2025 நவம்பர்ப் புயல் சிதைத்த மலைநாட்டுப் புகைவண்டிப் பாதையை முழுமையாகச் செப்பனிடுவதும் இதனோடு சேர்ந்த கடனே.

ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் இடையே உள்ளதை விமானிகள் அளக்கட்டும். லயத்தின் வாசலுக்கும் உறவினர் வாசலுக்கும் இடையே உள்ளதை அளப்பது அரசுகளின் கடமை. அத்தூரம் குறைந்தாலன்றி, தமிழகம் அண்மையில் இருக்கின்றது என்று மலையகத் தமிழனிடம் கூற எவருக்கும் உரிமையில்லை.