கறுப்புப் பந்தும் எழுதாத விதியும்

சிங்கப்பெருமாள் கோவிலில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மாடியொன்றில் இரண்டு மேசைகள் கொண்ட விளையாட்டுக் கூடம் இருக்கிறது. ஒரகடம் ஆலைகளில் ஷிப்டு முடித்துக் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கும் இளைஞர்கள் அங்கே ‘எய்ட் பால்’ எனும் எட்டுப் பந்தாட்டம் ஆடுகிறார்கள். நம்மிடம் தமிழ் பயின்று, இன்று ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் மாணவர் ஒருவர் அழைத்ததால் சென்ற மாதம் நாமும் போயிருந்தோம்.

அவர் தமக்குரிய ஏழு பந்துகளையும் குழிகளில் வீழ்த்திவிட்டார். எஞ்சியது எட்டாம் எண் கறுப்புப் பந்து. குறிவைத்து அடித்தார். கறுப்பு குழியின் விளிம்பில் நின்றுவிட்டது. வெள்ளைப் பந்து எதிர்க்குழியில் விழுந்தது. “முடிஞ்சுது தம்பி, கறுப்பு அடிக்கும்போது வெள்ளை விழுந்தா தோல்விதான்” என்றார் கூடத்துக்காரர். தோற்றவரே மேசைக் கட்டணம் தரவேண்டும் என்பது அங்கு வழக்கம், மாணவர் கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் கூடத்துக்காரரின் நண்பருக்கு அதே பிழை நேர்ந்தது. “ஃபவுல்தான், வெள்ளையை எடுத்து வெச்சு ஆடுங்க” என்ற தீர்ப்போடு ஆட்டம் தொடர்ந்தது. படியிறங்கும்போது மாணவர் கேட்டார்: “அந்த ரூல் எங்க சார் எழுதியிருக்கு?”

அக்கூடத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. டபிள்யூ.பி.ஏ. எனப்படும் உலகச் சங்கத்தின் விதிநூலில் எழுதியிருப்பதோ அவருக்குச் சொல்லப்பட்டதற்கு நேர்மாறு. கறுப்பைக் குறிவைக்கும்போது வெள்ளை விழுந்து, கறுப்பு விழாமல் மேசையிலேயே நின்றால், அது தோல்வியன்று, வெறும் பிழை. எதிராளி வெள்ளையை மேசையில் தாம் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம், அவ்வளவே. தோல்வி எப்போது? தம் ஏழும் தீருமுன் கறுப்பை வீழ்த்தினால். சொன்ன குழியில் அன்றி வேறு குழியில் வீழ்த்தினால். கறுப்பு விழுந்த அதே அடியில் பிழையும் நேர்ந்தால். கறுப்பை மேசைக்கு வெளியே தள்ளினால். நண்பருக்குக் கிடைத்த தீர்ப்பே சரியான தீர்ப்பு. நம் மாணவருக்கு அது மறுக்கப்பட்டது.

இதைச் சொன்னவுடன் இலக்கிய நண்பர் ஒருவர் நம்மை மறித்தார். “இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது. ஆடுவோரின் வழக்கே விதி. எங்கோ அச்சிட்ட நூலைக் கொண்டுவந்து சிங்கப்பெருமாள் கோவிலில் ஏன் திணிக்கிறீர்கள்?” என்றார். கேட்க இனிமையான வாதம்தான். நாமும் வழக்கின் பகைவர் அல்லோம். பிரித்தானிய மதுக்கூடங்களில் சிவப்பும் மஞ்சளுமான பந்துகளோடு வேறு விதிகளில் ஆடுகிறார்கள். நம் தெருக் கேரம் பலகைகளிலும் சிவப்புக் காய்க்கு ஊருக்கொரு வழக்கு உண்டு. கூடத்துக்காரர் ‘வெள்ளை விழுந்தால் தோல்வி’ என்றே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதை ஆட்டத்துக்கு முன் சொல்லட்டும், எல்லார்க்கும் சொல்லட்டும். அடி விழுந்த பின், அடித்தவர் முகம் பார்த்துச் சொல்லப்படுவது வழக்கு ஆகாது. அது அதிகாரம்.

முன்னே சொல்லல் என்பது நமக்குப் புதிய அறமா? புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடுகிறார். அம்பு விடுமுன், பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் பாதுகாப்பான இடம் சேர்க என்று அறிவிக்கும் அறநெறியே அங்குப் போற்றப்படுகிறது. எட்டுப் பந்தாட்டத்தில் எந்தப் பந்து, எந்தக் குழி என்று சொல்லிவிட்டு அடிக்க வேண்டும் என்பதும் தன் சிறிய அளவில் அந்நெறியே. சொல்லி அடித்தால் திறமை. சொல்லாமல் விழுந்தால் தற்செயல். ஆடுவோரிடம் இவ்வளவு கேட்கும் ஆட்டம், தீர்ப்புச் சொல்வோரிடம் அதையே கேட்கக் கூடாதா?

எழுதி மாட்டுதல் என்ற பழக்கமும் நம் மண்ணில் நடந்ததுதான். இவ்வாட்டத்தின் உறவான ஸ்நூக்கர், 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரியால் உருவாக்கப்பட்டது. (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) அதன் விதிகள் 1882இல் உதகமண்டலம் கிளப்பில் முறைப்படுத்தப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. ஆளவந்தவர்கள் தமக்குள் ஆடுவதற்குக்கூட வாய்ச்சொல்லை நம்பவில்லை, சுவரில் எழுதினார்கள். அந்த அறைக்குள் நுழைய நம்மவர்க்கு உரிமை இருந்ததா என்பது தனி வழக்கு. உரிமை கிடைத்த இக்காலத்திலும் நம் கூடங்களின் சுவர்களில் குளிர்பான விளம்பரம் இருக்கிறது; விதி இல்லை. தமிழில் இல்லவே இல்லை.

குற்றத்தில் பெரும்பங்கு கூடத்துக்காரருடையது அன்று, நம்முடையது என்றே சொல்வோம். தமிழ் கற்றோராகிய நாம் அகத்திணைக்கு உரை எழுதுவோம், உரைக்கு உரை எழுதுவோம். நம் மாணவர் மாலையில் ஆடும் ஆட்டத்துக்குப் பத்து வரி தமிழில் எழுதுவது இழுக்கு என எண்ணுவோம். வள்ளுவர் அப்படி எண்ணவில்லை. நிறைந்த நூலறிவின்றி அவையில் பேசப் புகுவோனுக்கு அவர் காட்டிய உவமை, கட்டம் வரையாமல் வட்டாடுபவன். கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளே அது. ஆட்டத்தின் அரங்கை அறிவின் அரங்கோடு நிறுத்தியவரைப் பாடம் நடத்திக்கொண்டே நாம் ஆட்டத்தை இகழ்கிறோம்.

பத்து வரி கேட்டோம். அதற்கும் குறைவாகவே போதும். பதினைந்து பந்துகளை முக்கோணமாய் அடுக்கி, கறுப்பை நடுவில் வைக்க. முதல் அடியில் பந்து ஏதும் விழாவிடின், நான்கு பந்துகளேனும் விளிம்பைத் தொடவேண்டும். அந்த அடியில் எது விழுந்தாலும் ‘முழுநிறம்’, ‘பட்டை’ என்ற பிரிவு முடிவாகாது. அதன்பின் சொல்லி வீழ்த்தும் பந்தே பிரிவைத் தீர்க்கும். வெள்ளை முதலில் தன் பிரிவுப் பந்தையே தொடவேண்டும். தொட்டபின் ஏதேனும் ஒரு பந்து குழியில் விழவேண்டும் அல்லது விளிம்பைத் தொடவேண்டும். தவறினால் வெள்ளை எதிராளி கையில். ஏழும் தீர்ந்தபின், குழியைச் சொல்லிக் கறுப்பை வீழ்த்தியவர் வென்றார்.

மாணவர் மேசைக் கட்டணமாகத் தந்தது பெருந்தொகை அன்று. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் பகற்பொழுதில் ஓவர்டைம் உண்டா, வார விடுப்பு எந்நாள், வேலை நாளையும் உண்டா என்பனவெல்லாம் மேற்பார்வையாளரின் வாய்ச்சொல்லாகவே வந்துசேரலாம். மாலையில் ஆடும் ஆட்டத்திலேனும் அவர் எழுத்தைச் சுட்டிக் கேட்கப் பழகட்டும்.

இவ்வூர்ப் பாடலாத்ரி நரசிம்மர் குடைவரையில் இருப்பவர். அவரை வலம்வர வேண்டுமெனில் மலையையே சுற்றவேண்டும். முதலாளிக்கும் அதே சுற்று, தொழிலாளிக்கும் அதே சுற்று. மேலே தந்த விதிகளை ஒரு தாளில் எழுதி மாணவரிடம் கொடுத்திருக்கிறோம். கூடத்துக்காரர் அதைச் சுவரில் ஒட்டட்டும்; மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தையேனும் ஆட்டத்துக்கு முன் சொல்லட்டும்.