கடலுக்கு இரண்டு அளவுகோலா?

கடலோரத்திலே பத்துப் பன்னிரண்டு அறைகள்; வெள்ளைச் சுவர்; தென்னை நிழல்; மூங்கில் நாற்காலி; கண் விழித்தால் கட்டுமரம் கரையேறும் காட்சி. இரைச்சலில்லை, நெரிசலில்லை, அவசரமில்லை. இத்தகைய சிறு விடுதிகளுக்குப் 'பூட்டீக் ஓட்டல்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெரிய ஓட்டல்களின் பகட்டு அலுத்துப்போன செல்வர்கள் இப்போது எளிமையையும் விலை கொடுத்து வாங்க முற்பட்டுள்ளனர். வாங்குவோர் இருந்தால் விற்போர் முளைப்பதற்குக் கேட்கவா வேண்டும்? அடையாற்றைத் தாண்டித் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்று பாருங்கள். மாமல்லபுரம் வழியே புதுச்சேரி வரையில் இந்த வணிகம் வேரூன்றிவிட்டது.

பூட்டீக் என்பது பிரெஞ்சுச் சொல். அதற்குக் கடை என்று பொருள். நல்லது, பெயரிலேனும் நேர்மை இருக்கிறது! ஆனால் அந்தக் கடையில் விற்கும் சரக்கு எது? படுக்கையும் சோறுமா? அவை தியாகராய நகரிலே கிடைக்கும், மயிலையிலே கிடைக்கும். அங்கே விலை போவது கடல். கடலோடு சேர்ந்த காற்று. காற்றோடு சேர்ந்த அமைதி. இந்தச் சரக்குக்கு உரியவர் யார்? விற்கும் உரிமையை வழங்கியவர் யார்? இதுவே நம் கேள்வி.

ஓய்வைக் குற்றமென்று பேசும் கூட்டத்தார் அல்லர் நாம். பகலெல்லாம் பாடுபட்ட தொழிலாளி, மாலையிலே பிள்ளைகளோடு மெரீனா மணலில் அமர்ந்து சுண்டல் தின்கிறானே, அந்த இன்பம் எல்லார்க்கும் வேண்டும் என்பவர்கள் நாம். கடற்கரை பொதுச்சொத்து என்பதும் நம் கொள்கையே. ஆனால் மீனவனுக்கு அந்தக் கரை ஓய்விடமன்று. அது அவனுடைய தொழிற்கூடம். நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் படகு ஏறி நிற்பது அந்த மணலில்தான். வலை உலர்வதும், கிழிந்த வலை தைக்கப்படுவதும், மீன் ஏலம் போவதும், விற்றது போக எஞ்சியது கருவாடாவதும் அந்த மணலில்தான். கொண்டலா, கச்சானா, வாடையா என்று காற்றறிந்து கடலில் இறங்க வேண்டியவன், கடலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வாழ்ந்தாக வேண்டும். அவனை அங்கிருந்து அகற்றுவது, நெசவாளியின் தறியைத் தூக்கித் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும்.

அகற்றுவது யார் என்று கேட்கிறீர்களா? வரலாற்றைப் புரட்டுவோம்.

1985ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சி மெரீனாவை அழகுபடுத்தப் புறப்பட்டது. அழகுக்கு இடையூறாகத் தென்பட்டவை எவை? படகுகளும் வலைகளும்! அவற்றை அப்புறப்படுத்த முனைந்தது அரசு. எதிர்த்து நின்றனர் மீனவர். முடிவில் போலீசார் துப்பாக்கி பேசியது. மீனவர் உயிர்கள் பறிபோயின. கடற்கரை அழகுக்கு மனித இரத்தத்தால் கோலமிட்ட அந்த நாளைக் குப்பங்கள் மறக்கவில்லை, நாமும் மறத்தலாகாது. 2003ஆம் ஆண்டு ஜெயலலிதா ஆட்சி, மெரீனா தொடங்கிக் கொட்டிவாக்கம் வரையுள்ள கரையைப் புதுமெருகிட மலேசிய நிறுவனமொன்றோடு கைகோத்தது. மக்கள் எதிர்ப்பு மூண்டெழுந்தது. திட்டம் மூலையில் முடங்கியது.

பிறகு வந்தது பேரழிவு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கரையைச் சூறையாடியது. பிணங்களை எண்ணி முடித்த சில திங்களுக்குள், 2005 மார்ச் 30 அன்று, அரசாணை 172 பிறந்தது. அது கூறியது என்ன? கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்போர் அப்பால் சென்றால் புது வீடு தரப்படும். பழைய மனையை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். போக மறுத்தால், இடிந்த வீட்டைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளலாம். அரசின் உதவி கிடையாது. சென்னைக் குப்பங்களைச் சேர்ந்த பல குடும்பங்கள் அலையோசை எட்டாத செம்மஞ்சேரியில் குடியேற்றப்பட்டன. காரணம் கேட்டபோது, பாதுகாப்பு என்றார்கள்.

பாதுகாப்பு! அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே!

2019 ஜனவரியில் இந்திய அரசு புதிய கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. 1991ஆம் ஆண்டு அறிவிக்கை, ஊரகக் கரைகளில் 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழலாகாது என்று வேலி போட்டிருந்தது. 2019ஆம் ஆண்டு அறிவிக்கையோ, சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கரைகளில் அந்த வேலியை 50 மீட்டராகச் சுருக்க வழிசெய்தது. சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களும் கழிப்பறைகளும், அலை ஏறும் எல்லையிலிருந்து 10 மீட்டர் தள்ளி அமையலாம் என்றும் கதவு திறந்தது.

கவனியுங்கள் இந்தக் கணக்கை! மீன் பிடிப்பவன் வீடு கட்ட உதவி கேட்டால் 200 மீட்டர். மீன் வறுவலைச் சுவைக்க வருபவருக்குக் குடில் போட 10 மீட்டர். அலையின் சீற்றம் ஆளைப் பார்த்தா அடிக்கும்? குப்பத்துக் குழந்தையை விழுங்கிய கடல், விடுதிக்கு வந்த விருந்தினரைக் கைகூப்பி வணங்கித் திரும்பிவிடுமா? பாதுகாப்பே நோக்கமென்றால் அளவுகோல் ஒன்றாக இருந்திருக்கும். இரண்டு அளவுகோல்கள் இருப்பதே, உயிரைவிட நிலத்தின் விலை பெரிதாக எண்ணப்பட்டது என்பதற்குச் சான்று.

இந்தக் கொடுமை நம் கரையோடு நின்றதா? அக்கரையைப் பாருங்கள். அதே அலை அடித்த இலங்கையில், 2005ஆம் ஆண்டில், தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று தடைப்பட்டை வகுத்தார்கள். மீனவர் குடிசைக்குத் தடை. சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு! அறுகம்குடாவில் மீனவர்கள் கொதித்தெழுந்தனர். எதிர்ப்பு வலுத்ததால் அந்த ஆண்டு முடிவதற்குள் தடைப்பட்டையைத் தளர்த்த நேர்ந்தது. சிங்கள மீனவனுக்கும் தமிழ் மீனவனுக்கும் முஸ்லிம் மீனவனுக்கும் ஒரே பகை என்பதை அந்தக் கரை காட்டிற்று.

மீனவன் வேண்டாம், அவன் பெயர் மட்டும் வேண்டும். கோவளத்தில், பழைய டச்சுக் கோட்டை இருந்த இடத்தில், 1974ஆம் ஆண்டு எழுந்த சொகுசு விடுதியின் பெயர் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்'. தமிழில் மீனவர் குடா. பெயர்ப்பலகையில் மீனவன், சுவரோவியத்தில் கட்டுமரம், அறையின் அலங்காரமாக வலைத்துண்டு. இந்த அலங்காரம் இன்றைய சிறு விடுதிகள் அனைத்திற்கும் இலக்கணமாகிவிட்டது.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையன்று. "பெரிய ஓட்டலைக் காட்டிலும் சிறு விடுதி நல்லதல்லவா? தண்ணீர் குறைவாகச் செலவாகும்; வானளாவிய கட்டடம் எழாது; உள்ளூராருக்கு வேலை கிடைக்கும்" என்கிறார்கள். வேலை கிடைக்கும்தான். ஆனால் சொந்தப் படகில் தனக்குத் தானே தலைவனாக இருந்தவனுக்கு, அவன் கரையிலேயே காவற்காரன் வேலை கொடுப்பது வளர்ச்சியா? அறை பத்தானாலும் வேலி ஒன்றுதான். ஒரு பெரிய ஓட்டல் கரையை ஒரே விழுங்காக விழுங்கும். இருபது சிறு விடுதிகள் அதையே கவளம் கவளமாக உண்ணும். கரைக்கு மிஞ்சுவது ஒன்றே!

நாம் சிறு விடுதிக்குப் பகைவரா? இல்லை. நாம் கேட்பது, அது எவருடையது என்பதே. அதே 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மீனவர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தம் வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைத்துச் சுற்றுலா நடத்தலாம் என்று அனுமதிக்கிறது. கேட்கச் செவிக்கு இனிமை! ஆனால் பட்டா இல்லாத வீட்டுக்கு எந்த வங்கி கடன் தரும்? நாளை இடிக்கப்படுமோ என்று நடுங்கும் கூரையின்கீழ் எந்த விருந்தினர் தங்குவார்? வலது கையால் எழுதிய உரிமையை இடது கையால் அழிக்கும் வித்தை இது.

ஆட்சிகள் மாறியும் இந்த நோய் மாறவில்லை. 2023 ஏப்ரலில், தி.மு.க. ஆட்சிக் காலத்தில், மெரீனா லூப் சாலையோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியது. உயர் நீதிமன்றம் தாமாகவே எடுத்துக்கொண்ட வழக்கு அதற்குத் தொடக்கம். போக்குவரத்துக்கு இடையூறாம்! சாலையின் ஓரத்துக்குக் குப்பம் வந்ததா, குப்பத்தின் நடுவே சாலை வந்ததா? மீனவர் மறியலில் இறங்கினர். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்காடியை வரவேற்கிறோம். ஆனால் கூரையோடு கூடிய கடை, கரையின்மீதுள்ள உரிமைக்கு ஈடாகாது.

ஆதலின் நம் கோரிக்கைகள் தெளிவானவை. குப்பங்களுக்குப் பட்டா வழங்குக. படகு நிறுத்தவும், வலை உலர்த்தவும், மீன் காயவைக்கவும் பயன்படும் மணலை மீனவர் பொதுநிலமாக வரைபடத்தில் குறித்திடுக. மீனவரின் நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுத்திடுக. பின்னிரண்டையும் 2011ஆம் ஆண்டு அறிவிக்கையே விதித்தது. அவற்றில் நாம் புதிதாக எதையும் வேண்டவில்லை. இவை முடியும்வரை, குப்பத்தை அடுத்த கரையில் எந்த விடுதிக்கும், அது பத்து அறையாயினும் நூறு அறையாயினும், புதிய அனுமதி வழங்காதீர்.

தோழர்களே! கரைதோறும் செல்லுங்கள். கடலோர வரைபடம் கருத்துக் கேட்புக்கு வரும்போது, அதைக் குப்பத்து மக்கள் முன் விரித்துவையுங்கள். எந்த மணல் விடுபட்டிருக்கிறது என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்த இடத்தை எழுதுங்கள், மனுவாக்குங்கள், மன்றத்தில் முழங்குங்கள். கடலுக்கு ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும். அதை உழைப்பவன் கையில் கொடுக்கும் கடமை நம்முடையது.