கருப்பைக்கு எடைக்கல்லா?

நியூசிலாந்தில் அரசுச் செலவில் குழந்தைப்பேறு சிகிச்சை வேண்டுமா? பெண்ணின் உடல் நிறை எண் 32-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் 'மெலிஞ்சுட்டு வா' என்று அனுப்பிவிடுகிறார்கள். காசுள்ளவள் தனியாரிடம் போகலாம். இல்லாதவள் வாயைக் கட்டிக்கிட்டு காத்துக் கிடக்க வேண்டியதுதான். இதில் அதிகம் மாட்டுவது மாவோரி, பசிபிக் தீவுப் பெண்கள்.

இந்த எண் யாரோட எண்? 1830களில் பெல்ஜியத்துக் கெத்தலே, 'சராசரி மனித'னைத் தேடி ஐரோப்பியரை அளந்து போட்ட கணக்கு.

பருமன் கர்ப்பத்தில் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை கொண்டுவரும். நான் மறுக்கவில்லை. ஆனா மெலிஞ்சா பிள்ளை நிச்சயமா? 2016-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் பருமனான 577 பெண்கள். முதலில் ஆறு மாதம் எடைக்குறைப்புக்கு அனுப்பப்பட்டவர்களில் 27 சதவீதமும், நேரே சிகிச்சைக்குப் போனவர்களில் 35 சதவீதமும் இரண்டு ஆண்டுக்குள் நிறைமாதத்தில், ஆரோக்கியமாக, சுகப்பிரசவத்தில் ஒற்றைக் குழந்தை பெற்றனர்.

எடை இறங்குறதுக்குள்ள வயசு ஏறிடுது. 40 வயதானால் அதே அரசு கதவைச் சாத்துகிறது. முதலில் உடம்பைக் காட்டி நிறுத்துவது, பிறகு வயதைக் காட்டி விரட்டுவது. இதற்குப் பெயர் மருத்துவமா?

ஆபத்தைச் சொல்லட்டும், உதவட்டும். முடிவு அவளுடையது. அளவுகோலைக் கையில் வைத்திருப்பவன் யார் என்று கேட்காமல் எந்த அளவையும் ஏற்காதீர்கள், தோழர்களே.